16 வயதில் விட்டுப்போன பெண்: அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

பாஸ்டன் அருகிலிருந்து, 2025 ஜூன்

கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இரவு நானும் என் மகளும் உலகப் போட்டியின் பெண்கள் இறுதிச் சுற்றைப் பார்க்க, பாஸ்டன் டிடி கார்டன் அரங்கில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, மலிவான இருக்கைகளில் உட்கார்ந்திருந்தோம். அந்த உயரத்திலிருந்து ஸ்கேட்டரின் முகம் தெரியாது. பனியில் பிளேடு இழுக்கிற கோடுதான் தெரியும். கடைசியாக இறங்கியவர் அலிசா லியூ. நாலே நிமிடம். அவர் முடிப்பதற்குள்ளேயே எங்கள் வரிசையில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. பலகையில் 222.97 என்று விழுந்தபோது என் மகள் பிடித்த பிடியில் என் கையில் நகம் பதிந்துவிட்டது. 2006இல் கிம்மி மைஸ்னர் வென்றதற்குப் பிறகு உலகப் பட்டம் ஓர் அமெரிக்கப் பெண்ணிடம் வந்து சேர 19 வருடம் ஆகியிருக்கிறது. அன்று அலிசாவின் வயதும் 19.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: "அம்மா, அவங்க நடுவுல விட்டுட்டுப் போகாம இருந்திருந்தா இன்னும் நல்லா வந்திருப்பாங்களா?"

"இல்லடா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். எதை வைத்து அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்று இரண்டு மாதமாக யோசித்ததில் வந்ததுதான் இந்த மடல். இதன் ஆங்கில வடிவத்தை உங்களுக்குத் தனியே அனுப்புகிறேன். முதலில் தமிழில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. விடிகாலை ஐந்தரை மணிக்கு ரிங்க் (பனித்தள அரங்கு) வாசலில் காபியோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற பெற்றோரில் இப்போது தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறோம். நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வதை, பேசிக்கொள்கிற மொழியிலேயே வைக்க வேண்டும் என்று தோன்றியது.

பாஸ்டனில் கிடைத்த தங்கத்தை உங்கள் ஏற்பாடுகளுக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு விடுவீர்களோ என்பதுதான் என் பயம். அலிசாவுக்கு நீங்கள் உதவவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரை அந்த மேடையில் ஏற்றிய விஷயங்களில் பெரும்பாலானவை, சின்ன வயதுப் பெண்களுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து "செய்யாதே" என்று சொல்கிறவை.

ஒரு காலத்தில் இந்த விளையாட்டு இந்த நாட்டுக்குச் சொந்த வீட்டு முற்றம் போல இருந்தது. 1956இல் டென்லி ஆல்பிரைட், 1960இல் கேரல் ஹைஸ், 1968இல் பெகி ஃபிளெமிங், 1976இல் டோரதி ஹாமில், 1992இல் கிறிஸ்டி யமகுச்சி, 1998இல் டாரா லிபின்ஸ்கி, 2002இல் சாரா ஹியூஸ். ஏழு ஒலிம்பிக் தங்கங்கள். 1968 தொடங்கி 2006 வரை நடந்த ஒவ்வொரு குளிர்கால ஒலிம்பிக்கிலும் பெண்கள் தனிப்பிரிவில் ஏதாவது ஒரு பதக்கமாவது வந்திருக்கிறது. அதற்குப் பிறகு 2010, 2014, 2018, 2022 என்று நாலு ஒலிம்பிக். தனிப்பிரிவில் ஒன்றுமே இல்லை. வான்கூவரில் மிராய் நகாசு நாலாவது, சோச்சியில் கிரேசி கோல்ட் நாலாவது. பியாங்சாங்கில் நம் மூவரில் முன்னால் வந்தவரே ஒன்பதாவது. 2008 உலகப் போட்டியில் நம் பெண்கள் 7, 10, 16 என்று வந்ததால், நாட்டிலிருந்து மூன்று பேரை அனுப்பும் உரிமையில் மூன்றாவது இடமே பறிபோயிற்று. அந்த இடம் திரும்பக் கிடைக்க 2013 வரை, ஆஷ்லி வாக்னரும் கிரேசி கோல்டும் 5, 6 என்று வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் வான்கூவருக்கு இரண்டே பேர்தான் போக முடிந்தது.

இந்த வறட்சிக்குப் பல காரணம் சொல்கிறார்கள். ஆறுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்ட பழைய 6.0 முறை போய் ஒவ்வொரு அசைவுக்கும் தனிப் புள்ளி கூட்டுகிற கணக்கு வந்தது, ரஷ்யச் சிறுமிகளின் குவாட் (காற்றில் நாலு சுற்று), கிம் யுனா, மாவோ அசடா போன்றவர்கள் ஒரே காலத்தில் வந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் என் கண்ணில் படுகிற காரணம் ஒன்று உண்டு: நம்மிடம் பெண்கள் வராமல் போகவில்லை, வந்தவர்கள் தங்கவில்லை.

அலிசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் தேசியப் பட்டம். அவ்வளவு சின்ன வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. அடுத்த வருடமும் அவரே. 2019 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஜூனியர் கிராண்ட் பிரியில் ஒரே நிகழ்ச்சியில் டிரிபிள் ஆக்ஸலும் (முன்னோக்கிக் குதித்து மூன்றரைச் சுற்று) குவாட் லட்ஸும் (பின்னோக்கிக் குதித்து நாலு சுற்று) போட்டார். உலகத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை செய்யாத காரியம். 2022இல் பெய்ஜிங் ஒலிம்பிக், அடுத்த மாதமே மோன்பெலியே உலகப் போட்டியில் வெண்கலம். ஏப்ரலில் இன்ஸ்டாகிராமில் சில வரிகள் எழுதிவிட்டுப் போய்விட்டார். 16 வயது.

போனவர் என்ன செய்தார்? எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்தார். யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கச் சேர்ந்தார். ஒருமுறை பனிமலையில் ஸ்கீயிங் போனபோது அந்த வேகத்தில் பழைய ஆசை திரும்ப எட்டிப் பார்த்திருக்கிறது. ரிங்குக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். 2024இல் திரும்ப வருவதாக அறிவித்தார். எந்த இசை, எந்த உடை, எவ்வளவு நேரம் பயிற்சி என்பதையெல்லாம் தானே முடிவு செய்வேன் என்ற நிபந்தனையோடு வந்தார். ஃபிலிப் டிகுக்லியெல்மோவும் மாசிமோ ஸ்காலியும் அதை ஏற்றுக்கொண்டு பயிற்சி கொடுத்தார்கள். அந்த இரண்டு பேருக்கும் ஒரு தாயாக நான் கடன்பட்டிருக்கிறேன்.

பாஸ்டனில் அவர் வென்ற நிகழ்ச்சியில் குவாட் கிடையாது. டிரிபிள் ஆக்ஸலும் கிடையாது. 13 வயதில் இருந்த இரண்டும் 19 வயதில் இல்லை. இருந்தும் ஜெயித்தார். ஒவ்வொரு ஜம்ப்பிலும் முழுச் சுற்று, இறங்குகிற காலில் வழுக்கிக்கொண்டு போகிற வேகம், முகத்தில் (பெரிய திரையில் பார்த்தேன்) ஒரு சந்தோஷம். மூன்று முறை உலகப் பட்டம் வென்ற காவோரி சகமோட்டோவை 4.99 புள்ளியில் முந்தினார்.

நம் ஊரில் "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். ஸ்கேட்டிங் பெற்றோரில் பாதிப் பேர் இதை வேதமாக நம்புகிறோம், தமிழ் தெரியாதவர்களும்கூட. பத்து வயதில் டபுள் ஆக்ஸல் வரவில்லையென்றால் பயிர் பொய்த்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். எங்களிடமே ஒரு பயிற்சியாளர் அப்படித்தான் பேசினார். "இந்த வருடத்துக்குள் டிரிபிள் வராவிட்டால் நேரத்தையும் பணத்தையும் வீணாக்காதீர்கள்" என்றார். அப்போது என் மகளுக்கு 11 வயது. காரில் ஏறினதும் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை திரும்பவில்லை.

இந்தப் பழமொழிக்கு ஆம்பர் கிளென் நேர் பதில். 2014இல் ஜூனியர் தேசியப் பட்டம் வாங்கிய பெண் அவர். முளையில் தெரிந்த பயிர்தான், சந்தேகமில்லை. அடுத்த பத்து வருடம் பெரியவர்கள் பிரிவில் பட்டம் வரவில்லை. நடுவில் பயிற்சியை நிறுத்தி மனநலச் சிகிச்சை எடுக்க வேண்டி வந்ததை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். 24 வயதில் முதல் தேசியப் பட்டம். 25 வயதில், போன டிசம்பரில், கிரெனோபிளில் கிராண்ட் பிரி இறுதிப் போட்டியில் முதலிடம். 2010இல் அலிஸா சிஸ்னிக்குப் பிறகு அதை வென்ற அமெரிக்கப் பெண் இல்லை. அந்தப் பத்து வருடத்தில் ஏதாவது ஒரு நாள், "போதும், எங்காவது கடையில் வேலைக்குப் போகிறேன்" என்று அவர் முடிவெடுத்திருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டோம். நியாயம் என்றுதான் சொல்லியிருப்போம்.

இசபோ லெவிட்டோ இன்னொரு மாதிரி. 15 வயதில் ஜூனியர் உலகப் பட்டம், 2024இல் மான்ட்ரியலில் உலக வெள்ளி. போன இலையுதிர் காலத்தில் பாதத்தில் காயம். ஜனவரியில் தேசியப் போட்டிக்கே வர முடியவில்லை. இருந்தும் நீங்கள் அவரைப் பாஸ்டனுக்குத் தேர்ந்தெடுத்தீர்கள், நாலாவதாக வந்தார். அது நல்ல முடிவு. மனதாரச் சொல்கிறேன். ஒரு போட்டியில் ஒரு நாள் என்ன ஆயிற்று என்று மட்டும் பார்க்காமல், ஒரு பெண்ணின் இரண்டு மூன்று வருடத்தைப் பார்த்து எடுத்த முடிவு. அந்தப் பார்வையை மேலே இருக்கிற மூன்று பேரோடு நிறுத்திவிடாமல் கீழே இருக்கிற முப்பது பேர் வரை நீட்டுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இனி மிலான். லெவிட்டோவின் அம்மா பிறந்து வளர்ந்த ஊர். 2026 பிப்ரவரியில் அங்கே நடக்கும் ஒலிம்பிக்கில் நமக்கு மூன்று இடம். ஒரு பதக்கம் வரும் என்று நம்புகிறேன். இரண்டு வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். ஆனால் எதிரே நிற்கிறவர்களைக் குறைத்து எடைபோடக் கூடாது. பாஸ்டனில் ஜப்பான் 2, 3, 6 என்று வந்தது. சகமோட்டோவுக்கு அன்று 24 வயது. சின்னப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து கோபேயில் அதே சோனோகோ நகானோவிடம்தான் கற்றுக்கொள்கிறார். கொரியாவின் ஷின் ஜியா ஜூனியர் உலகப் போட்டியில் தொடர்ந்து நாலு முறை வெள்ளி வாங்கியவர். ரஷ்யாவிலிருந்து அடெலியா பெட்ரோசியன் நாட்டுக் கொடி இல்லாமல், நடுநிலை வீராங்கனையாகச் செப்டம்பரில் பெய்ஜிங் தகுதிச் சுற்றுக்கு வருகிறார். அங்கிருந்து வர அனுமதி கிடைத்த ஒரே பெண்.

ஆம்பரின் டிரிபிள் ஆக்ஸலைப் பற்றி நிறையப் பேச்சு அடிபடுகிறது. கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எந்தப் பாதையில் பெண்களைத் தள்ளுகிறோம் என்பது இந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது. டிரிபிள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பு 8.0. முழுசாகச் சுற்றி, அழகாக இறங்கி, தரத்துக்காக நடுவர்கள் +2 (இருபது சதவீதம் கூடுதல்) கொடுத்தால் 9.6. அதே ஜம்ப்பில் விழுந்தால் பாதி மதிப்பு போய் 4.0, விழுந்ததற்கு ஒரு புள்ளி பிடித்தம், மிச்சம் 3.0. டபுள் ஆக்ஸலின் அடிப்படை மதிப்பே 3.3. நன்றாகச் செய்தால் நாலைத் தாண்டும். ஆக அந்த ஒரே ஜம்ப் நின்றதா விழுந்ததா என்பதில் 6.6 புள்ளி ஊசலாடுகிறது. பாஸ்டனில் முதலிடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் இடைவெளி 4.99 என்று சொன்னேன் அல்லவா? ஆம்பர் அங்கே முதல் சுற்றான குறுநிகழ்ச்சியில் அந்த ஆக்ஸலில் விழுந்தார். ஒன்பதாவது இடத்திலிருந்து ஏறி ஐந்தாவதாக முடித்தார்.

அவர் அதை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் 25 வயதுப் பெண். எந்த ஜம்ப்பைப் போட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நான் பயப்படுவது 12 வயதுப் பிள்ளைகளுக்காக. பூப்பெய்துவதற்கு முந்தைய ஒல்லி உடம்பில் காற்றில் வேகமாகச் சுற்ற முடிகிறது என்பதற்காக, அந்த இரண்டு வருடத்துக்குள் எல்லாவற்றையும் பிழிந்து எடுத்துவிடப் பார்க்கிறோம். அடித்துப் பழுக்க வைத்த பழத்துக்கு நிறம் வரும், ருசி வராது என்று எங்கள் பாட்டி சொல்வார். 2022இல் சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் பெரியவர்கள் பிரிவின் குறைந்தபட்ச வயதைப் படிப்படியாக 17 ஆக உயர்த்த முடிவெடுத்தபோது ரிங்கில் சில பெற்றோர் கோபப்பட்டார்கள். எனக்கு அன்றுதான் நிம்மதியாக மூச்சு வந்தது. 1998இல் நகானோவில் தங்கம் வாங்கிய லிபின்ஸ்கிக்கும், 2018இல் வாங்கிய ஜகிடோவாவுக்கும் 15 வயதுதான். இந்த வருட மேடையில் நின்றவர்கள் 19, 24, 19. விதி மாறிவிட்டது. ஆனால் நம் கிளப்புகளில் கடிகாரம் இன்னும் பழைய நேரத்தையே காட்டுகிறது.

எனக்கு உண்மையான கவலை மிலான் அல்ல, 2030. அன்று ஆம்பருக்கு 30 வயது. அலிசா விரும்பினால் இருப்பார், விரும்பாவிட்டால் போவார், அது அவர் உரிமை. அவர்களுக்குக் கீழே? 2022 ஜூனியர் உலகப் போட்டியில் லெவிட்டோ தங்கம், லிண்ட்சே தார்ன்கிரென் வெண்கலம். அதற்குப் பிறகு 2023, 2024, 2025 என்று மூன்று வருடமாக அந்த மேடையில் ஓர் அமெரிக்கப் பெண்கூட ஏறவில்லை. மூன்று வருடமும் மாவோ ஷிமாடா தங்கம், மூன்று வருடமும் ஷின் ஜியா வெள்ளி, மூன்று வருடமும் வெண்கலம் ஜப்பானுக்கு. ஷிமாடாவுக்கு வயது போதாததால் மிலானுக்கு வர முடியாது. அதற்கடுத்த ஒலிம்பிக்குக்கு வருவார்.

இந்த இடத்தில் விச்சிட்டாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஜனவரியில் அங்கே தேசியப் போட்டி முடிந்ததும் நடந்த வளர்ச்சி முகாமுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள், கூடப் போன அம்மா அப்பாக்கள், பயிற்சியாளர்கள். 29ஆம் தேதி இரவு பொட்டோமாக் ஆற்றின் மேல் ராணுவ ஹெலிகாப்டரோடு விமானம் மோதியதில் இறந்த 67 பேரில் 28 பேர் நம் விளையாட்டைச் சேர்ந்தவர்கள். பாஸ்டன் ஸ்கேட்டிங் கிளப் மட்டும் ஆறு பேரை இழந்தது. 1994இல் ஜோடிப் பிரிவில் உலகப் பட்டம் வென்ற யெவ்கேனியா ஷிஷ்கோவாவும் வாடிம் நவ்மோவும் அதில் அடக்கம். அந்த வாரம் எங்கள் ரிங்கில் யாரும் இசை போடவில்லை. பிளேடு சத்தம் மட்டும் கேட்டது. முகாமுக்கு அழைப்பு வரவில்லையே என்று அதற்கு முந்தைய மாதம் அழுத ஒரு பிள்ளையின் அம்மா, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார்.

1961இல் பிராக் உலகப் போட்டிக்குப் போன நம் அணி முழுவதும் பிரஸ்ஸல்ஸ் அருகே விமான விபத்தில் போனபோது 18 ஸ்கேட்டர்களோடு பயிற்சியாளர்களும் போனார்கள். மேரிபெல் வின்சன் ஓவன் ஒன்பது முறை தேசியப் பட்டம் வென்றவர், டென்லி ஆல்பிரைட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர். இரண்டு மகள்களோடு அந்த விமானத்தில் இருந்தார். அவரிடம் கற்ற ஃபிராங்க் கேரல்தான் பிற்காலத்தில், ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற மிஷேல் குவானை உருவாக்கினார். பெகி ஃபிளெமிங்கின் பயிற்சியாளரும் அந்த விமானத்தில் இருந்தார். அந்தச் சிறுமி அதற்குப் பிறகும் ஸ்கேட்டிங்கை விடவில்லை. ஏழு வருடத்தில் கிரெனோபிளில் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அது. அன்று இந்தச் சங்கம் நினைவு நிதி ஒன்று தொடங்கிப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. இன்று விச்சிட்டா முகாமில் இருந்துவிட்டு வேறு விமானத்தில் வீடு வந்து சேர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 11, 12, 13 வயது. அவர்களில் எத்தனை பேர் 2030இலும் 2034இலும் ஸ்கேட்டிங்கில் இருப்பார்கள்? அவர்களை அடுத்த முகாமுக்கு அழைப்பதற்கு முன்னால் அவர்களுடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

பணம் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை, உங்களுக்குத் தெரியாதது இல்லை. பூட்ஸும் பிளேடும் சேர்த்தாலே ஆயிரம் டாலரைத் தாண்டிவிடுகிறது, வளர்கிற கால் அதை வருடம் முழுக்கப் பொறுப்பதில்லை. ஐஸ் நேரம், பயிற்சியாளர், கோரியோகிராஃபி, உடை, பயணம். நாங்கள் இரண்டு சம்பளக்காரர்கள், சமாளிக்கிறோம். 1986இல் உலகப் பட்டம் வென்ற டெபி தாமஸ், அடுத்த ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கி, குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் ஆனார். அவரைப் பார்த்து ரிங்குக்கு வந்த குடும்பங்களில் எத்தனை குடும்பம் ஐஸ் கட்டணத்தைப் பார்த்துத் திரும்பிப் போயிருக்கும்!

டெபி தாமஸ் அந்த உலகப் பட்டத்தை வென்றபோது ஸ்டான்ஃபோர்டில் முதலாண்டு மாணவி. டென்லி ஆல்பிரைட் ராட்கிளிஃபில் படித்துக்கொண்டே ஸ்கேட் செய்தவர், பிறகு ஹார்வர்டில் மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணரானார். கேரன் சென் கார்னெல்லில் படித்தவர். பெய்ஜிங் அணிப் போட்டியில் பெண்கள் பிரிவின் இரண்டு நிகழ்ச்சியையும் அவர்தான் ஆடினார், ரஷ்ய அணியின் ஊக்கமருந்து வழக்கு முடிந்து, இரண்டரை வருடம் கழித்துப் பாரிஸில் கழுத்தில் தங்கம் ஏறியது. படிப்பு ஸ்கேட்டிங்கைக் கெடுக்கும் என்பதற்கு நம் வரலாற்றில் ஆதாரம் குறைவு. ஆனாலும் 17 வயதில் ஒவ்வொரு பெண்ணும் இதுவா அதுவா என்று நிற்கிறாள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் பட்டியலில் ஃபிகர் ஸ்கேட்டிங் இல்லை. அந்த வழியில் உதவித்தொகையும் இல்லை, கல்லூரிப் பயிற்சியாளரும் இல்லை, மருத்துவரும் இல்லை.

ஜிம்னாஸ்டிக்ஸைப் பாருங்கள். அங்கேயும் முன்பு 16 வயதில் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தார்கள். சுனி லீ, ஜேட் கேரி, ஜோர்டன் சைல்ஸ் மூவரும் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிவிட்டுக் கல்லூரிக்குப் போனார்கள். வாராவாரம் நிறைந்த அரங்கில், அணித் தோழிகளோடு, தோற்றாலும் சிரிக்கிற சூழலில் ஆடினார்கள். பிறகு பாரிஸுக்கு வந்து அணித் தங்கம் வாங்கினார்கள். கல்லூரி அவர்களை மழுங்கடிக்கவில்லை, தாங்கிப் பிடித்தது. உங்களிடம் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஏற்கெனவே இருக்கிறது. அதை உயர்நிலைப் பெண்கள் மதிக்கும்படி மாற்றுங்கள். நல்ல ரிங்க் பக்கத்தில் இருக்கிற நாலு பல்கலைக்கழகங்களோடு உட்கார்ந்து பேசினால் போதும், 17 வயதில் விடைபெறுகிற பெண்களில் சிலர் 22 வரை தங்குவார்கள். அந்தச் சிலரில் ஒரு ஆம்பர் இருக்கலாம்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. தேசியப் போட்டியில் நம் நடுவர்கள் நம் பெண்களுக்குத் தாராளமாக இருக்கிறார்கள். 2018 தேசியப் போட்டியில் முதல் இரண்டு பெண்களும் 210க்கு மேல் வாங்கினார்கள். அடுத்த மாதம் பியாங்சாங்கில் அந்த இருவரில் ஒருவர்கூட 200ஐத் தொடவில்லை. அங்கே சறுக்கல்கள் நடந்தன என்பது உண்மை. ஆனால் சறுக்கலை மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சுற்று குறைவாக இருந்தால் 5.9 மதிப்புள்ள டிரிபிள் லட்ஸ் 4.72 ஆகிறது, பாதிச் சுற்று போனால் டபுளாகவே எண்ணி 2.1 தருகிறார்கள். வெளிநாட்டு மேடையில் முதல் முறையாக அந்தத் தீர்ப்பைக் கேட்கிற பெண், அதுவரை தன் ஜம்ப் சரி என்று நம்பிக்கொண்டிருந்திருப்பாள். உள்ளூரில் கண்டிப்பாகப் பாருங்கள். கண்டிப்போடு கூடவே, எந்த ஜம்ப்பில் எவ்வளவு குறைந்தது, எப்படிச் சரிசெய்வது என்று காணொளியோடு உட்கார்ந்து பேசுங்கள். 13 வயதுக்காரிக்கும் பேசுங்கள். பிள்ளைகள் உண்மையைத் தாங்குவார்கள். தாங்க முடியாதது, நல்லா இருக்கிறாய் என்று சொல்லி அனுப்பிவிட்டுக் கைவிடுவது.

கைவிடுவது என்றதும் கிரேசி கோல்ட் நினைவுக்கு வருகிறார். சோச்சியில் நாலாவது வந்தபோது அவருக்கு 18 வயது. சாப்பாட்டுக் கோளாறும் மனச்சோர்வும் அவரை எந்த அளவுக்குக் கொண்டுபோயின என்பதை அவர் பொதுவெளியில் பேசியிருக்கிறார். 2018 ஒலிம்பிக்குக்கான போட்டியிலேயே அவர் இல்லை. பிறகு திரும்பி வந்து, பழைய ஜம்ப்புகள் எல்லாம் இல்லாமல், தேசியப் போட்டியில் ஆடினார். அரங்கமே எழுந்து நின்றது. எழுந்து நிற்பது எங்களுக்குச் சுலபம். முந்தைய வருடம் பெரிய பதக்கம் எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மருத்துவச் செலவும் ஐஸ் நேரமும் கிடைக்கச் செய்வது உங்கள் கையில் இருக்கிறது. நிதி அடுக்குகள் போன பருவத்தின் முடிவுகளைப் பார்த்துத் தீர்மானமாகிற வரை, காயம் பட்டவளும் மனம் சோர்ந்தவளும் தன் பிரச்சினையை மறைத்துக்கொண்டுதான் பனியில் இறங்குவாள். இரண்டு வருடம் விலகி இருக்கலாம், திரும்பி வந்தால் உன் இடம் இங்கே இருக்கும் என்று எழுத்தில் கொடுங்கள். அலிசா அப்படி ஒரு தாள் இல்லாமலே திரும்பி வந்தார். அவர் துணிச்சல்காரர், அப்பா வழக்கறிஞர், வீடு தாங்கியது. எல்லா வீடும் தாங்காது.

ஜனவரியில் செயின்ட் லூயிஸில் தேசியப் போட்டி முடிந்ததும் மிலானுக்குப் போகிற மூன்று பெயரை அறிவிப்பீர்கள். நாலாவது வருகிறவருக்கும் நாம் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) பதக்கம் கொடுத்து மேடையில் நிறுத்துகிறோம். 2014இல் மூன்றாவது வந்த நகாசுவை விட்டுவிட்டு நாலாவது வந்த வாக்னரை அனுப்பினீர்கள், 2018இல் நாலாவது வந்த வாக்னர் வீட்டில் இருந்தார். இம்முறையும் யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு காமிராவுக்குச் சிரிப்பாள். அடுத்த திங்கட்கிழமை அவளுக்குத் தொலைபேசியில் பேசப் போவது யார், பேசி எதைக் கொடுக்கப் போகிறார் என்பதை இந்த ஜூன் மாதமே முடிவு செய்து, பெயரோடு எழுதி வையுங்கள். நாலாவது வருகிறவளுக்கும், ஒன்பதாவது வருகிறவளுக்கும், காயத்தால் செயின்ட் லூயிஸுக்கே வர முடியாதவளுக்கும்.

என் மகள் நாளைக் காலையும் ஐந்தரைக்கு ரிங்கில் இருப்பாள். டபுள் ஆக்ஸல் இன்னும் அவளுக்கு முழுசாக வரவில்லை.

மரியாதையுடன்,
ஒரு ஸ்கேட்டரின் அம்மா